பின் சக்கரத்தில் கீச் சத்தமா? டிரம்மைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

காரின் பின் சக்கரத்தில் கீச் கீச்சென்று சத்தம் வருகிறது, ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம் என்று இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். தாம்பரம் பக்கம் ஓர் ஒர்க்‌ஷாப்பில் எனக்கு நடந்தது இது. பணம் போனது வருத்தம்தான். ஆனால் என் பிரேக்கில் அவர்கள் செய்துவைத்த வேலையை நினைத்தால் இப்போதும் கோபம் அடங்கவில்லை.

வண்டி ஒரு சின்ன ஹேட்ச்பேக், பின்னால் டிரம் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உட்புறத்தை ஷூ என்ற வளைந்த கட்டைகள் அழுத்திப் பிடிக்கும் வகை. மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக் போட்டபடி வெட்டவெளியில் நின்றிருந்தது. அதன் பிறகு இடது பின் சக்கரம், மெதுவாகப் போகும்போது சுற்றுக்கு ஒரு தடவை கீச்சிட ஆரம்பித்தது. வேகம் கூடினால் சத்தமும் நெருக்கமாக வரும். பிரேக்கை லேசாக மிதித்தால் நின்றுவிடும். இதையெல்லாம் சர்வீஸ் அட்வைசரிடம் விவரமாகச் சொன்னேன். ஜாப் கார்டில் அவர் எழுதியது "பின் சக்கரத்தில் சத்தம்" மட்டும். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "பேரிங் போயிடுச்சு சார். ஃபேமிலியோட போறீங்க, வீல் ஜாம் ஆனா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

குடும்பத்தைச் சொல்லிப் பயமுறுத்தினால் யார் வேண்டாம் என்பார்கள்? இரண்டு பக்கமும் பேரிங், லேபர், ஜிஎஸ்டி சேர்த்து 9,400 ரூபாய் பில். பழைய பேரிங்கைக் கேட்டதற்கு, ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்றார்கள். வண்டி சத்தமில்லாமல் வீடு வந்தது.

சில நாளில் சத்தம் திரும்பிவிட்டது. கூடவே ஹேண்ட் பிரேக்கும் முன்போல் பிடிக்கவில்லை. பார்க்கிங் சரிவில் வண்டி நகர்ந்தது. மறுபடி போய்க் கேட்டால், "இது ஷாக் அப்சார்பர் சத்தம் சார்" என்று இன்னொரு எஸ்டிமேட்டை நீட்டினார்கள். அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு குரோம்பேட்டையில் நண்பர் சொன்ன ஒரு மெக்கானிக்கிடம் போனேன். "கழட்டுறேன், பக்கத்துலயே நின்னு பாருங்க சார்" என்றார் அவர்.

என் வண்டியில் பேரிங் டிரம்முக்குள்ளேயே அழுத்திப் பொருத்தியிருக்கும். டிரம்மைக் கழற்றாமல் அதை மாற்ற வழியே கிடையாது. ஆனால் நடுவிலிருக்கும் பெரிய நட்டின் மேல் பழைய துரு அப்படியே படிந்திருந்தது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே பிரேக் தூசி குவியலாக இருந்தது. ஷூ வந்து உட்காரும் தட்டின் மேடுகள் காய்ந்து துரு பிடித்திருந்தன. அதனால் ஷூ முழுதாகப் பின்வாங்காமல், டிரம் விளிம்பில் கட்டியிருந்த துருவோடு உரசியிருக்கிறது. சத்தத்துக்குக் காரணம் அவ்வளவுதான்.

அடுத்து அவர் காட்டியதுதான் வயிற்றைக் கலக்கியது. இடது ஷூவின் மேல் உரசிப் பிடிக்கும் பட்டையான லைனர் முழுக்க எண்ணெய். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் பிரேக் ஆயில் கசிகிறதா என்று அதன் ரப்பரை விலக்கிப் பார்த்தார், உள்ளே காய்ந்து கிடந்தது. முன் சக்கர இழுவை வண்டி என்பதால் பின்னால் கசிவதற்கு வேறு ஆயிலும் கிடையாது. பின் தட்டிலுள்ள சின்ன ஓட்டையின் ரப்பர் மூடியைக் காணவில்லை. அந்த வழியாக ஸ்பிரே அடித்துச் சத்தத்தை அமுக்கியிருக்கிறார்கள் என்றார். எண்ணெய் பட்ட லைனர் பிடிக்காது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த பிரேக்கை நம்பித்தான் ஜிஎஸ்டி ரோட்டில் (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) போய்வந்திருக்கிறேன்.

சுத்தம் செய்து, துருவைத் தேய்த்து, மேடுகளில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸைத் துளித்துளியாக வைத்தார். எண்ணெய் பட்ட ஷூவைக் காப்பாற்ற முடியாது. ஷூவை இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்பதால் புது செட் போட்டார். எல்லாம் 2,100 ரூபாய். அந்த ஸ்பிரேயை அடிக்காமல் இருந்திருந்தால் ஷூ செலவும் இருந்திருக்காது.

பேரிங் போனால் கீச்சிடுவதைவிட "ஊங்" என்ற உறுமல்தான் பெரும்பாலும் கேட்கும், வேகத்தோடு ஏறும், வளைவில் மாறும். ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியலாம். ஸ்பீடு பிரேக்கரில் மட்டும் சத்தம் வந்தால் புஷ் எனப்படும் இணைப்பு ரப்பர்கள், ஷாக் அப்சார்பர் பக்கம் பார்க்க வேண்டும்; நின்ற வண்டியின் பின்பக்கத்தை அமுக்கி விட்டாலே அது பல நேரம் கேட்டுவிடும். பிரேக்கைத் தொட்டதும் சத்தம் மாறுகிறது என்றால் முதலில் கழற்ற வேண்டியது டிரம்மைத்தான். கொஞ்ச தூரம் ஓட்டியதும் ஒரு சக்கரம் மட்டும் அனலாகக் கொதித்தால், ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதை உங்கள் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுத வையுங்கள். பழைய பார்ட்ஸ் கையில் வர வேண்டும் என்பதையும் வேலை தொடங்கும் முன்பே அதில் எழுதச் சொல்லுங்கள்.

நான் பில், ஜாப் கார்டு, துருப்பிடித்த நட்டின் படம் எல்லாவற்றையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடம் அவகாசம் இருக்கிறது. 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஒர்க்‌ஷாப்பிலிருந்து கூப்பிட்டு, அடுத்த சர்வீஸை இலவசமாகச் செய்து தருகிறோம் என்றார்கள். வேண்டாம், பில்லில் இருக்கும் இரண்டு பேரிங்குக்கும் பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.