மாட்டுங்காவிலிருந்து உலுரு வரை: ஓர் ஆஸ்திரேலியச் சுற்றுலாத் தொகுப்பின் மதிப்புரை

சுமார் 77 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பளவு கொண்ட, அதாவது இந்தியாவைப் போல் இரு மடங்குக்கும் மேல் பெரிய நாடான ஆஸ்திரேலியாவை இரண்டே வாரங்களில் சுற்றிக் காட்டுவதாக ஒரு பயண நிறுவனம் விளம்பரம் செய்தால், அதன் பயணத் திட்டத்தில் எந்தெந்த ஊர்கள் இருக்கின்றன என்று பார்ப்பதற்கு முன், எவற்றை விட்டுவிட அது துணிந்திருக்கிறது என்று பார்ப்பது நல்லது. மும்பையின் மாட்டுங்காவில் தமிழர்கள் நடத்திவரும் ஒரு சிறிய நிறுவனத்தின் குழுப் பயணத்தில் கடந்த மே மாதக் கடைசியில் நாங்கள் குடும்பத்தோடு சென்று வந்தோம். பெர்த், அடிலெய்டு, டாஸ்மேனியா ஆகிய மூன்றையும் அவர்கள் தயக்கமின்றி நீக்கிவிட்டு, அதனால் மிச்சமான நேரத்தை நாட்டின் நடுவே பாலைவனத்தில் இருக்கும் உலுரு என்ற பெரும்பாறைக்குக் கொடுத்திருந்தார்கள். மும்பையில் விற்கப்படும் ஆஸ்திரேலியத் தொகுப்புகளில் பெரும்பாலானவை மெல்பர்ன், கோல்ட் கோஸ்ட், கெய்ன்ஸ், சிட்னி என்று கிழக்குக் கரையோடு முடிந்துவிடுவதால், இந்த ஒரு முடிவுக்காகவே இத்தொகுப்பைப் பாராட்ட வேண்டும். அதே அளவுகோலை வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் குறைகளும் தெரிகின்றன.

உலுருவைத் திட்டத்தில் சேர்ப்பது எளிதான காரியம் அல்ல. சிட்னியிலிருந்து விமானத்தில் போகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. தங்குவதற்கு யுலாரா என்ற ஒரே விடுதிக் குடியிருப்புதான் உண்டு. அங்கே அறை வாடகையும் அதிகம். ஆகவே சில நிறுவனங்கள் பயணிகளை அலிஸ் ஸ்பிரிங்ஸில் தங்கவைத்து, அங்கிருந்து பேருந்தில் ஒரே நாளில் அழைத்துச் சென்று திரும்புகின்றன. அது போக 450 கிலோமீட்டர், வர 450 கிலோமீட்டர். பாறையைப் பார்க்கும் நேரத்தைவிட இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நேரமே பல மடங்கு. எங்கள் நிறுவனம் யுலாராவிலேயே இரண்டு இரவுகள் தங்க ஏற்பாடு செய்திருந்ததால், ஒரு மாலை, ஒரு விடியல், இடையே ஒரு முழுப் பகல் என்று எல்லா வெளிச்சத்திலும் அந்தப் பாறையைப் பார்க்க முடிந்தது.

தரைமட்டத்திலிருந்து 348 மீட்டர் உயரம் எழும் உலுரு, தொலைவிலிருந்து வழவழப்பான ஒரே கட்டியாகத் தெரிந்தாலும், அருகில் சென்றால் அதன் மேற்பரப்பு முழுவதும் மெல்லிய செதில்களாக உரிந்துகொண்டிருப்பது கண்ணுக்குப் படுகிறது. ஒரு செதில் கழன்று விழுந்த இடத்தில் உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தது. எங்கள் டூர் மேனேஜர் அந்த இடத்தில் எல்லோரையும் நிறுத்தி, இப்பாறையின் இயல்பான நிறம் சாம்பல்தான் என்றும், அதிலுள்ள இரும்பு காற்றுபட்டுத் துருவேறியதால்தான் வெளிப்புறம் சிவந்திருக்கிறது என்றும் நல்ல தமிழில் விளக்கினார். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு மலைகளிலிருந்து அடித்துவரப்பட்ட மணல் படிந்து இறுகிய அடுக்குகள், பின்னர் ஏற்பட்ட புவி அசைவுகளால் ஏறத்தாழ செங்குத்தாகத் திருப்பப்பட்டிருக்கின்றன. பாறையின் மேல் நெடுக ஓடும் வரிகள் அந்த அடுக்குகளின் விளிம்புகள்தாம் என்று அவர் கையை நீட்டிக் காட்டிய பிறகு, அதுவரை படம் எடுப்பதிலேயே மும்முரமாக இருந்தவர்களும் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

பாறையைச் சுற்றி நடக்கும் பாதை சுமார் பத்து கிலோமீட்டர். நடக்கக்கூடியவர்களை விடியற்காலையிலேயே அதற்கு அழைத்துச் சென்றுவிட்டு, மற்றவர்களுக்கு மாலா நடை எனப்படும் சமதளமான சிறு பாதையை ஒதுக்கியது மிகச் சரியான ஏற்பாடு. நான் பெரியவர்களோடு மாலா நடையில்தான் சென்றேன். வழியில் வரும் குகைகளுள் ஒன்றில், இந்நிலத்தின் பழங்குடியினரான அனங்கு மக்களின் மூத்தோர் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லும்போது வரைந்த கோடுகளும் வட்டங்களும் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. வேறொரு குகை பெண்கள் உணவு தயாரித்த இடம். சில பகுதிகளில் படம் எடுக்கக் கூடாது என்ற பலகைகள் உண்டு. அவை அனங்கு மக்களின் சடங்குகளோடு தொடர்புடைய இடங்கள். எங்கள் மேனேஜர் இதைப் பேருந்திலேயே சொல்லிவிட்டதால் யாரும் மீறவில்லை.

இந்நிலம் 1985 அக்டோபர் 26 அன்று அனங்கு மக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டு, அவர்களிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகையில் தேசியப் பூங்காவாக நடத்தப்படுகிறது. பாறைமேல் ஏறுவது 2019-இல் அதே தேதியிலிருந்து தடைசெய்யப்பட்டுவிட்டது. பல ஆண்டுகள் லட்சக்கணக்கான கால்கள் பட்டுத் தேய்ந்த தடம் வெளிறிய கோடாக இன்னும் பாறைமேல் தெரிகிறது. மலையையே தெய்வமாகக் கண்டு அடிவாரத்தில் வலம் வரும் திருவண்ணாமலை வழக்கத்தில் வளர்ந்த நமக்கு, ஏறாமல் சுற்றி வருவதில் மனக்குறை ஏற்பட இடமே இல்லை. மறுநாள் காலையில் பார்த்த காட்டா ஜூட்டா, 36 குவிமாடங்கள் சேர்ந்த பாறைத் தொகுதி, உலுருவை விடவும் உயரமானது. அதற்கு இன்னும் இரண்டு மணி நேரமாவது கொடுத்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

மும்பையின் கோடை விடுமுறை இந்த இடத்துக்கு மிகவும் பொருந்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மே, ஜூன் மாதங்களில் அங்கே குளிர்ந்த பருவம். பகல் இதமாக இருக்கும், இரவு கடுங்குளிராக இருக்கும். டிசம்பர் விடுமுறையில் போனால் வெயில் நாற்பது டிகிரியைத் தொடுவது சாதாரணம் என்பதோடு, வெப்பம் கூடும் நாட்களில் சில நடைபாதைகளையே மூடிவிடுகிறார்கள்.

அடுத்தது கெய்ன்ஸ், அதாவது அங்கிருந்து படகில் போய்ப் பார்க்கும் பெருந்தடுப்புப் பவளத்திட்டு (கிரேட் பேரியர் ரீஃப்). இத்தொகுப்பின் பெரிய பிழை இங்கேதான் நிகழ்ந்தது. இரவு வெகுநேரம் கழித்து விமானத்தில் வந்திறங்கிய குழுவை, மறுநாள் அதிகாலையிலேயே படகில் ஏற்றினார்கள். வெளித்திட்டுக்குப் போக ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் திறந்த கடலில் செல்ல வேண்டும். வாந்தி தடுக்கும் மாத்திரையைப் படகு புறப்படுவதற்கு முன்பே போட்டுக்கொண்டால்தான் பலன் உண்டு என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. படகு ஆடத் தொடங்கிய பிறகு மாத்திரை கொடுத்தார்கள். குழுவில் பாதிப் பேர், அதிலும் வயதானவர்கள், மிதவை மேடையை அடைந்தபோது கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டார்கள். இவ்வளவு தொலைவு வந்து, உலகின் மிகப் பெரிய பவளத்திட்டின் மேல் மிதந்துகொண்டே அதைப் பார்க்காமல் படுத்திருந்தவர்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. கெய்ன்ஸில் ஒரு பகல் ஓய்வு கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போயிருந்தால் இது நேர்ந்திருக்காது.

இருந்தாலும் தண்ணீரில் இறங்கியவர்களுக்குக் கிடைத்தது பெரும் பேறு. 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு, சுமார் 2,900 தனித்தனித் திட்டுகளாகப் பரந்திருக்கும் இப்பவளத்தொடரில் நாம் பார்ப்பது ஒரு மூலையைத்தான் என்றாலும், அந்த மூலைக்குள்ளேயே பார்த்து முடியாத அளவு உயிர்கள் இருக்கின்றன. நீச்சல் தெரியாதவர்களுக்கு மிதவையும், உடலை முழுவதும் மூடும் உடையும் கொடுத்து, ஆள் துணையோடு இறக்குகிறார்கள். டோம்பிவிலியிலிருந்து வந்திருந்த, அறுபதைக் கடந்த ஒரு மாமி படிக்கட்டிலேயே நின்று தயங்கியபோது, மேனேஜர், "மாமி, நீங்க கயிறைப் பிடிச்சிண்டு முகத்தை மட்டும் தண்ணில வையுங்கோ, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக் கூடவே இறங்கினார். மாமி அரை மணி நேரம் வெளியே வரவில்லை. முகமூடிக்குக் கீழே நான் கண்டவற்றில் மறக்க முடியாதது ஒரு ராட்சத மட்டி. ஒரு மீட்டர் இருக்கும். நீலமும் பச்சையுமான சதைமடிப்பு ஓட்டின் வாயோரம் நெளிந்திருந்தது. எங்கள் நிழல் மேலே விழுந்ததும் மெதுவாக உள்ளிழுத்துக்கொண்டது. காதுவரை தண்ணீரில் இருக்கும்போது, கிளிமீன்கள் பவளத்தைக் கடித்துச் சுரண்டும் ஓசைகூடக் கேட்கிறது.

விளம்பரப் படங்களில் வரும் பளிச்சென்ற நிறங்களை எதிர்பார்த்துச் சென்றவர்கள் சிலர் ஏமாற்றம் அடைந்தார்கள். நீர் முதலில் சிவப்பு ஒளியையே உறிஞ்சிக்கொள்வதால், சற்று ஆழத்தில் பல பவளங்கள் பழுப்பாகவும் நீலமாகவும்தான் தோன்றும். மேலும், கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது பவள உயிர்கள் தம்முள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகின்றன. 2016 முதல் 2024 வரை மட்டும் இங்கே ஐந்து முறை பெருமளவில் வெளுப்பு ஏற்பட்டிருக்கிறது. இதைப் படகிலிருந்த உயிரியலாளர் மறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னார். அதைத் தமிழில் சொல்லியிருக்க வேண்டிய மேனேஜர் அப்போது மயங்கிக் கிடந்தவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் நமக்கும் பவளத்திட்டுகள் உண்டு, அவற்றுக்கும் இதே ஆபத்து உண்டு என்பதால், தமிழ்க் குழுவுக்கு இந்த விளக்கம் முக்கியமானது என்பது என் கருத்து.

மெல்பர்னிலிருந்து கிரேட் ஓஷன் ரோடு சென்ற நாள், திட்டமிடலில் இந்நிறுவனத்தின் திறமையைக் காட்டிய நாள். பெரும்பாலான பேருந்துகள் கடற்கரைச் சாலை வழியாகப் போய் பிற்பகலில் பன்னிரு அப்போஸ்தலர் பாறைகளை அடைகின்றன. எங்கள் பேருந்து உள்நாட்டுச் சாலையில் நேராக அங்கே சென்று, கூட்டம் வருவதற்கு முன் பாறைகளைப் பார்த்துவிட்டு, கடற்கரைச் சாலை வழியாகத் திரும்பியது. சுண்ணாம்புக்கல் கரையைக் கடல் அரித்து உருவாக்கிய இத்தூண்களில் ஒன்று 2005 ஜூலையில் கண்முன்னே சரிந்து விழுந்தது. பெயரில் பன்னிரண்டு இருந்தாலும் அத்தனை தூண்கள் அங்கே இல்லை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள், போரில் மாண்ட தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை இச்சாலையை அமைத்தார்கள். அருகிலுள்ள லாக் ஆர்டு பள்ளத்தாக்கை ஒட்டிய கடலில் 1878-இல் உடைந்த கப்பலில் இருந்த 54 பேரில் இருவர் மட்டுமே பிழைத்தார்கள். அந்த இடுக்கில் இறங்கி நின்றால், அலை உள்ளே வந்து மோதும் வேகத்தைப் பார்த்தே அந்த இருவர் பிழைத்தது எவ்வளவு அரிது என்று புரிகிறது. குளிர்காலம் என்பதால் காற்று எலும்பைத் துளைத்தது. பெரியவர்கள் கம்பளி உடை இல்லாமல் போகக் கூடாது.

சிட்னியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஓபரா ஹவுஸ், துறைமுகப் பாலம் எல்லாம் யார் காட்டினாலும் அழகாகவே இருக்கும். நீல மலைகளில் மூன்று சகோதரிகள் பாறையைப் பார்க்கும் மேடையில் நிதானமாக நிற்க விட்டார்கள். யூகலிப்டஸ் இலைகளிலிருந்து காற்றில் பரவும் எண்ணெய்த் துளிகளால்தான் அந்தப் பள்ளத்தாக்கின் மேல் நீலப் புகை படர்ந்திருப்பதாகச் சொல்கிறார்கள்.

கோல்ட் கோஸ்ட்டுக்குக் கொடுத்த நாட்கள்தாம் எனக்கு ஏற்கவே முடியாதவை. பெர்த்தையும் டாஸ்மேனியாவையும் விட்டுவிடும் துணிவு இருந்தவர்கள், தீம் பார்க்குகளை விட்டுவிடத் துணியவில்லை. சக்கர ராட்டினமும் நீர்ச்சறுக்கலும் மும்பையிலிருந்து சில மணி நேரத் தொலைவிலேயே கிடைக்கின்றன. குழந்தைகளுக்காக என்று சொன்னார்கள், ஆனால் எங்கள் குழுவில் இருந்த குழந்தைகள் பவளத்திட்டைப் பற்றித்தான் ஊர் திரும்பும்வரை பேசினார்கள்.

உணவு ஏற்பாடு தாராளமாகவும் பொறுப்பாகவும் இருந்தது. புறப்படுவதற்கு முன்பே, ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் எல்லா உணவுப் பொருட்களையும் படிவத்தில் அறிவித்தாக வேண்டும், பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதைகள், பால்கோவா போன்ற பால் இனிப்புகள் கூடாது என்று மாட்டுங்கா அலுவலகத்தில் உட்காரவைத்து விளக்கினார்கள். வறுத்தரைத்த காபிப் பொடியை அறிவித்துவிட்டுக் கொண்டுபோனோம். அதிகாரி பையைப் பார்த்து, முகர்ந்து, சிரித்துத் திருப்பிக் கொடுத்தார். மெல்பர்னிலும் சிட்னியிலும் தமிழ் உணவகங்களுக்கு அழைத்துச் சென்றார்கள். யுலாராவில் மட்டும் சோறு குக்கரில் வைத்துத் தயிர்சாதம் கலந்து கொடுத்தார்கள். பாலைவனத்தில் அதைவிட வேறென்ன வேண்டும்.

கட்டணம் ஒருவருக்கு நான்கு லட்சத்தை நெருங்கியது. விமானம், விடுதி, உணவு, விசாக் கட்டணம், உலுரு பூங்கா நுழைவுச்சீட்டு எல்லாம் அதில் அடக்கம். சரக்கு சேவை வரியும், வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு விற்பவரே முன்கூட்டி வசூலித்து அரசுக்குக் கட்டும் டிசிஎஸ் வரித் தொகையும் தனி. டிசிஎஸ் தொகையை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்பதால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கிவிடுங்கள். விசா விண்ணப்பத்தை அலுவலகமே இணையத்தில் செய்து கொடுத்தது. அதில் எந்தத் தொல்லையும் இல்லை.

திரும்பிய பிறகு, கோல்ட் கோஸ்ட்டைக் குறைத்து அந்த நேரத்தைக் கெய்ன்ஸுக்கு வடக்கேயுள்ள டெயின்ட்ரீ மழைக்காட்டுக்குக் கொடுக்கும்படி எழுதினேன். மழைக்காடும் பவளத்திட்டும் அடுத்தடுத்து இருக்கும் அந்தக் கரையில் இரண்டுமே உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளவை. மாஸ்மன் பள்ளத்தாக்கில் முதியவர்களும் நடக்கத்தக்க மரப்பாதை இருக்கிறது. அப்படிச் செய்தால் கடல் பயணத்துக்கு முன் ஓய்வும் கிடைத்துவிடும். அடுத்த கோடைக்கான திட்டத்தில் இதைப் பரிசீலிப்பதாக நிறுவனம் பதில் எழுதியிருக்கிறது. பதிவு செய்ய நினைப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன், கெய்ன்ஸில் எத்தனை இரவுகள், கடல் பயணம் எந்த நாளில் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.