பேஸைக் குறைத்த பிறகு வந்த ஓவர்டிரைவ்: என் 5 வாட் வால்வு அம்ப்

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் கிற்றாருக்கு வால்வு அம்ப் (வெற்றிடக் குழாயில் ஓடும் ஒலிபெருக்கி) வைத்திருக்கிறேன் என்றால் எல்லோரும் கேட்பது, "5 வாட் காணுமா?" காணும். பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டால் தாராளமாகக் காணும் என்பார். எனக்குச் சத்தத்தின் அளவில் குறையே இருக்கவில்லை. திருகைப் பாதிக்கு மேல் ஏற்றினால் வருகிற சத்தத்தின் தரத்தில்தான் குறை.

சிக்னலைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வு, ஸ்பீக்கரை ஓட்ட ஒரு 6வி6 பவர் வால்வு, 8 அங்குல ஸ்பீக்கர், ஒரே ஒரு வொல்யூம் திருகு. கம்பனிப் பெயர் இங்கே தேவையில்லை. இந்த அளவு அம்ப்களில் பல, 1950களின் ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 சுற்றின் வாரிசுகள்தான், என்னுடையதும் அப்படியே. மேல் நரம்புகளில் சத்தம் இனிமையாக உடையும், ஓவர்டிரைவ் என்பது அந்த உடைசல்தான். அடி நரம்பில் ஒரு பவர் கோர்ட் (இரண்டு மூன்று நரம்பைச் சேர்த்து அடிப்பது) பிடித்தால் புர்ர் என்று பொருமும், அடுத்த ஸ்வரம் மேலே வரவே வராது.

ஓவர்டிரைவ் போதவில்லை என்றால் கெய்னை, அதாவது பெருக்கத்தை, கூட்டு என்பார்கள். என் அனுபவம் நேர்மாறு. பெருக்கம் தேவைக்கு மேலேயே இருந்தது. அதைத் தின்றுகொண்டிருந்தது பேஸ், அதாவது அடிச் சத்தம். கிற்றாரின் அடி ஈ நரம்பு 82 ஹெர்ட்ஸ். முதல் வால்வின் கதோட் என்ற முனையில் 1.5 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டரோடு நின்ற 25 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் அதற்கும் கீழே உள்ளதையெல்லாம் முழுப் பெருக்கத்தோடு அனுப்பிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி 1 மைக்ரோஃபாரட் வைத்தேன். பவர் வால்வுக்குச் சிக்னலைக் கடத்தும் 0.022 மைக்ரோஃபாரட் கப்ளிங் கப்பாசிட்டரை 0.0047 ஆக்கினேன்.

பொருமலுக்கு உண்மையான காரணம் அந்த இரண்டாவது இடம்தான். சிக்னல் அளவுக்கு மீறும்போது 6வி6இன் கிரிட், அதாவது சிக்னல் நுழையும் முனை, கரண்ட் இழுக்கும். கப்ளிங் கப்பாசிட்டர் சார்ஜ் ஆகிவிடும். அது வடியும்வரை வால்வு பாதி மூடியபடி நிற்கும், அடுத்து வாசிப்பது அமுங்கிப்போகும். சின்னக் கப்பாசிட்டர் சீக்கிரம் வடிந்துவிடுகிறது. மாற்றிய அன்றே பவர் கோர்டில் மூன்று நரம்பும் தனித்தனியாகக் கேட்டன.

சாமான் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில். ரெசிஸ்டருக்குப் பஞ்சமில்லை. பவர் சப்ளைக்கான 450 வோல்ட் கப்பாசிட்டர் கேட்டபோது கடைக்கார நானா, "டிவி போர்டுக்குப் போடுறது இருக்கு தம்பி, சரிவருமா?" என்றார். சரிவந்தது. இரண்டு காலும் ஒரே பக்கம் இருக்கும் வகை என்பதால் பசை வைத்துப் படுக்கவைத்துக் கட்டவேண்டியிருந்தது. வால்வு மட்டும் வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தேன்.

ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. உள்ளே 300 வோல்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைக் கழற்றினாலும் கப்பாசிட்டரில் நிற்கும். ரெசிஸ்டர் வைத்து வடியவிட்டு, மல்டிமீற்றரில் பார்த்த பிறகுதான் கை. இது பழக்கமில்லாதவர் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்விப்பது நல்லது. ஸ்பீக்கர் இணைக்காமல் அம்பைப் போடவும் கூடாது. அவுட்புட் ட்ரான்ஸ்போமர் போய்விடும்.

அப்புறம், ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலில் ஒரு பங்கை இரண்டாம் பெருக்கக் கட்டத்துக்குத் திருப்பும் 22 கே ஃபீட்பேக் ரெசிஸ்டருக்கு ஒரு சுவிட்ச் வைத்தேன். ஃபீட்பேக் இருந்தால் கிளீன் (உடையாத சத்தம்) நேராக இருக்கும், உடையும்போது சடாரென்று உடையும். இல்லாவிட்டால் விரலின் அழுத்தத்துக்கேற்ப மெல்ல மெல்ல உடையும். நான் பெரும்பாலும் அதை வெட்டியே வைத்திருக்கிறேன்.

செலவழித்த காசுக்கு அதிகம் திருப்பித் தந்தது ஸ்பீக்கர். அதே ஓம் அளவில் 10 அங்குலம் ஒன்றைத் தனிப்பெட்டியில் போட்டேன். 8 அங்குலத்தின் டப்பாச் சத்தம் போய்விட்டது. 12ஏஎக்ஸ்7ஐ மட்டும் கம்பனி கம்பனியாக மாற்றிப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. வித்தியாசம் உண்டுதான், காசுக்கேற்ற வித்தியாசம் இல்லை.

வருடக்கணக்காக இதைத்தான் வாசிக்கிறேன். 6வி6 இன்னும் தளரவில்லை. தொல்லை தருவது கடற்காற்று. ஜாக் களிம்பு பிடிக்கும், வொல்யூம் திருகு கரகரக்கும். மழைக்காலம் முடிந்ததும் கொன்டாக்ட் கிளீனர் அடித்துவிடுவேன். சூட்டுக்குப் பல்லி வருவதால் பின்பக்கம் வலை அடித்திருக்கிறேன். 2022இல் கரண்ட் போய்ப்போய் வந்த நாட்களில் கரண்ட் போனதுமே சுவிட்சை அணைக்கப் பழகினேன், அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

குறை என்றால், மேடைக்குக் கிளீன் வேண்டுமானால் இது எடுபடாது. டிரம்ஸ் பக்கத்தில் இருந்தால் உடைந்த சத்தம் மட்டும்தான் கிடைக்கும். இரவு ஒன்பதுக்குப் பிறகு வீட்டிலும் போடமுடியாது. அம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அட்டெனுவேட்டர் (சக்தியைக் குறைத்து அனுப்பும் பெட்டி) வைத்துப் பார்த்தேன், மெதுவாகக் கேட்கிறது, ஆனால் ஸ்பீக்கர் உழைக்காததால் பாதிச் சுவை போய்விடுகிறது. இரவில் ஹெட்போன்தான்.