ரூ.18,500 போய்விட்டது: சர்வரைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

நேற்று மாலைதான் உண்மை தெரிந்தது. இரவெல்லாம் தூக்கமில்லை. வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

சிறிய கல்யாண ஸ்டூடியோ நடத்துகிறேன். ஆறு ஆண்டுப் படங்களும் வீடியோக்களும் ஒரு சேமிப்புச் சர்வரில் இருக்கின்றன. போன மாதம் இணைய இணைப்புக்காரர்கள் பழைய ரவுட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள். அன்றிலிருந்து எந்தக் கணினியிலும் சர்வர் தெரியவில்லை. பின்பக்கத்துப் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மூன்று வீட்டாருக்கு ஆல்பம் கொடுக்க வேண்டிய நேரம்.

பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் எழுந்து வந்து இரண்டு கையாலும் வாங்கினார். "கல்யாணப் படமெல்லாம் இதில்தானா அண்ணே? கவலையை விடுங்கள். என் தங்கச்சி கல்யாணப் படம் என்று நினைத்துப் பார்க்கிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கி ரசீதுகூடக் கேட்காமல் வந்தேன்.

மூன்று நாள் கழித்து, "நெட்வொர்க் போர்டு எரிந்துவிட்டது, மாற்றிவிட்டேன்" என்று ரூ.18,500 கேட்டார். கடையிலேயே மாட்டிக் காட்டினார். எல்லாப் படமும் வந்தது. எண்ணிக் கொடுத்தேன். ஸ்டூடியோவில் மாட்டினால் மறுபடியும் ஒன்றும் தெரியவில்லை.

போன் செய்தேன். "உங்கள் கேபிள் சரியில்லை" என்றார். புதுக் கேபிள் வாங்கினேன். "ரவுட்டர்காரர்களைக் கேளுங்கள்" என்றார். நேரில் போனேன். "இங்கே ஓடியதை நீங்களே பார்த்தீர்கள் சார், அப்புறம் நான் என்ன செய்வது?" என்றார். அண்ணன் சார் ஆகிவிட்டேன். அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை.

நேற்று அக்கா மகன் வந்து பார்த்தான். பழைய ரவுட்டர் காலத்தில் சர்வருக்கு 192.168.1.50 என்று மாறாத நெட்வொர்க் முகவரி (கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் எண்) போட்டு வைத்திருந்தார்கள். புது ரவுட்டரோ கணினிகளுக்கு 192.168.0 என்று தொடங்கும் எண்களைக் கொடுக்கிறது. வரிசையே வேறு என்பதால் ஒன்று மற்றொன்றுக்குத் தெரியாது. அவன் சர்வரைத் தன் மடிக்கணினியோடு நேராகக் கேபிளால் இணைத்து, மடிக்கணினிக்கு 192.168.1.20 என்று தற்காலிகமாகப் போட்டு, சர்வரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, முகவரியைத் தானாகப் பெறும்படி மாற்றினான். பத்து நிமிடம்! கடையில் இருப்பதும் 192.168.1 வரிசை எண்களைக் கொடுக்கும் ரவுட்டராகத்தான் இருக்க வேண்டும். அதனால்தான் அங்கே மாட்டியதும் ஓடியிருக்கிறது. பெட்டியின் திருகு மேலுள்ள உத்தரவாத ஸ்டிக்கர் கிழியவே இல்லை. திறக்காத பெட்டியில் எந்தப் போர்டை மாற்றினார்? ரூ.18,500 எதற்கு?

இன்று காலை கேட்கப் போனேன். அவர் உள்ளே உட்கார்ந்திருப்பது கண்ணாடி வழியே தெரிகிறது; "முதலாளி வெளியூர்" என்கிறான் கடைப் பையன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மனம் நிலைகொள்ளவில்லை. ரவுட்டர் மாற்றிய பின் சர்வர் மறைந்தால் முதலில் சர்வரின் முகவரியையும் கணினியின் முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கணினியில் 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து எண்ணே வரவில்லை. ரசீது வாங்காமல் பெட்டியைக் கொடுக்காதீர்கள். பாகம் மாற்றினேன் என்றால், கழற்றிய பழைய பாகம் கைக்கு வந்த பிறகே பணத்தை எடுங்கள்.