45,000 ரூபாய் கொடுத்துக் காமன் கூத்தைத் தொலைத்தோம்: ஹட்டன் பக்கம் வீடியோ எடிட்டிங் கொடுப்பவர்கள் கவனம்

கோபம் ஆறுவதற்கு முன்னாலேயே எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனால் போகட்டும்" என்று விட்டுவிடுவோம், அந்தக் கடைக்காரரும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.

இந்த மாசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தை, சிவன் மன்மதனை எரிப்பதையும் அவன் மனைவி ரதி புலம்புவதையும் பாடி ஆடுகிற கூத்தை, முழுசாக வீடியோ எடுத்தோம். பாட்டு எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த மாஸ்டருக்கு வயதாகிவிட்டது, அவருக்குப் பிறகு யார் பாடுவார்கள் என்று எங்களுக்கே தெரியாது. மாமா மகன் கொழும்பிலிருந்து நல்ல கேமரா கொண்டுவந்தான். 4கே, நொடிக்கு 25 பிரேம் (படம்), பிட்ரேட் 100 எம்பிபிஎஸ், அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு 100 மெகாபிட் தகவல். எடிட்டிங்குக்கு லயம் லயமாக, நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள் எல்லாவற்றிலும், காசு சேர்த்தோம், 45,000 ரூபாய். ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளம் என்று வைத்தால் ஒரு அம்மா 33 நாள் மலையேறிக் கொழுந்தெடுக்கிற காசு அது.

கடை பெயர் போடவில்லை. டவுனில் பாஸ்போர்ட் போட்டோ, கல்யாண ஆல்பம், வீடியோ எடிட்டிங் எல்லாம் செய்கிற ஒரு ஸ்டூடியோ. முதலாளி எங்கள் வீடியோவைத் தன் பெரிய திரையில் ஓட்டி, ரதி புலம்புகிற இடத்தில் நிறுத்தினார். "தம்பி, மூக்குத்திக் கல்லக்கூட எண்ணலாம் போல இருக்கே! நானும் லயத்துல பொறந்தவன்தான், எங்கப்பா தப்படிச்சவரு, இதைப் போய் நான் கெடுப்பேனா?" என்றார். பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். அதற்கு மேல் என்ன வேண்டும்? அண்ணே அண்ணே என்று 45,000 ரூபாயையும் முன்பணமாகவே கொடுத்தோம், ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டும் என்றாரே. கேமராவின் மெமரி கார்டுகளையும் வாங்கி வைத்துக்கொண்டார், "கொப்பி ஓடிட்டிருக்கு, நடுவுல புடுங்கினா கெட்டுடும்."

கிடைத்தது ஒரு பென் டிரைவ். டிவியில் போட்டால், மன்மதனை எரிக்கிற காட்சியில் புகை முழுக்கக் கட்டம் கட்டமாக நிற்கிறது, தப்படிக்கிறவர்களின் கைகள் அழிந்து தேய்ந்து தெரிகின்றன, கேமரா திரும்பும் இடமெல்லாம் படம் வெட்டி வெட்டிப் போகிறது. வீடியோவின் விவரம் காட்டுகிற மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து பார்த்தேன். அளவு என்னவோ 3840×2160தான், ஆனால் பிட்ரேட் 6 எம்பிபிஎஸ்! 3 மணி நேர வீடியோ வெறும் 8 ஜிபி. கேமராவின் தரத்தில் அது 135 ஜிபி வரும். அவ்வளவு வேண்டாம் ஐயா, 4கே ஏற்றுவதற்கு யூடியூபே 35 முதல் 45 எம்பிபிஎஸ் வரை வையுங்கள் என்கிறதே. இருட்டு, புகை, நெருப்பு, ஆடுகிற கூட்டம், இதில் ஒவ்வொரு பிரேமும் மாறிக்கொண்டே இருக்கும், பிட்ரேட்டைக் குறைத்தால் முதலில் நாசமாவது அந்த மாதிரிக் காட்சிதான்.

கேட்டதற்கு முதலில் உங்கள் டிவி பழசு என்றார். அப்புறம் ஒரிஜினலே அப்படித்தான் என்றார். நல்லவேளை, அந்த ரதி துண்டு மாமா மகனின் போனில் இருந்தது, பக்கத்தில் வைத்துக் காட்டினேன், அவர் கொடுத்ததில் மூக்குத்தியில் கல்லே இல்லை. எடிட்டர் பையன் கொழும்புக்குப் போயிருக்கிறான், திங்கட்கிழமை வாங்க என்றார். திங்கட்கிழமை போனால் முதலாளி இல்லை. கடைசியில் அந்தப் பையன்தான் உண்மையைச் சொன்னான். கம்ப்யூட்டர் 4கே தாங்கவில்லையாம், 1080 என்கிற சின்ன அளவில், 30 பிரேமில் எடிட் செய்துவிட்டுக் கடைசியில் பெரிதாக்கினார்களாம். பெரிதாக்கினால் புள்ளிகள் நாலு மடங்காகும், போன விவரம் எங்கிருந்து வரும்? 25ஐ 30 ஆக்கினால் ஐந்து பிரேமுக்கு ஒன்று இரண்டு தடவை வரும், வெட்டி வெட்டிப் போனது அதனால்தான். கம்ப்யூட்டர் மெதுவென்றால் பிராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டும் ஒரு சின்னக் கொப்பி, போட்டு வேலை செய்துவிட்டு எக்ஸ்போர்ட்டை (கடைசி வீடியோவை) மட்டும் ஒரிஜினலிலிருந்து எடுக்கலாம், டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே அது முடியும்.

சரி, ஒரிஜினலிலிருந்து திரும்ப எடுத்துத் தாருங்கள் என்றேன். கார்டுகளை ஃபார்மட் பண்ணி வேறு கல்யாணத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம், கொப்பியும் "இடம் பத்தல"ன்னு அழித்தாயிற்றாம்! 45,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டால், இன்னும் 5,000 கொடுத்தால் ஷார்ப் பண்ணித் தருகிறாராம். வெட்கமே இல்லை.

நிறைய எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. கார்டைக் கடையில் விடாதீர்கள், பக்கத்திலேயே உட்கார்ந்து கொப்பி கொடுத்துவிட்டுக் கையோடு கொண்டு வாருங்கள். ரெசல்யூஷன், பிரேம், பிட்ரேட் மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். இருட்டான காட்சியில் இரண்டு நிமிடம் எக்ஸ்போர்ட் செய்து காட்டச் சொல்லிவிட்டு மீதிக் காசைக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக வரும் சாம்பிளைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள், அது தானாகவே சுருங்கித்தான் வரும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

வேறு தோட்டத்துத் திருவிழா கார்டுகளும் அந்த மேசை லாச்சியில் கிடந்தன, என் கண்ணால் பார்த்தேன். கொடுத்து வைத்திருப்பவர்கள் நாளைக்கே முதல் பஸ்ஸில் போய் வாங்கிவிடுங்கள்.