சாம்பார் ஊற்றிய அண்ணனிடம் ரசீது கேட்காத கதை

அக்டோபர் செமஸ்டருக்கு ஜெர்மனி வருகிறவர்கள், அதிலும் வாட்ஸ்அப் குரூப்பில் அறை தேடுகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

போன செப்டம்பர் கடைசியில் டோர்ட்முண்ட் வந்து இறங்கினேன். ரயில் நிலையத்துக்கே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார் அந்த அண்ணன். திருச்சிக்காரர், குரூப்பில் பழக்கம். அன்று இரவே சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல். மறுநாள் சிம் கார்டு. இரண்டாவது ஞாயிறு, ஹம் நகரில் ஈழத்தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்மன் கோயில். எனக்கு வேறு சிநேகிதமே தேவைப்படவில்லை. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த வியட்நாம் பையன் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அண்ணன் வீட்டிலேயே ஒரு அறை. வாடகை 360 யூரோ, டெபாசிட் 720, எல்லாம் ரொக்கம். "நமக்குள்ள என்னடா ரசீது" என்றார். என் தட்டில் அவர் சுட்ட தோசை. எப்படிக் கேட்பது?

இங்கே குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் அது நடக்காது. "அடுத்த வாரம் தர்றேன்" என்றே ஆறு வாரம் ஓடியது. பதிவு இல்லாததால் வங்கிக் கணக்கு திறக்க முடியவில்லை. கணக்கு இல்லாததால், விசாவுக்காக முன்கூட்டியே போட்டு மாதாமாதம் மட்டும் எடுக்க முடிகிற பிளாக்ட் அக்கவுண்டில் கிடந்த 11,904 யூரோவிலிருந்து மாதம் வரவேண்டிய 992-ம் வரவில்லை. சொந்தப் பணம் இருந்தும் அப்பாவிடம் கையேந்தினேன்.

தபால் பெட்டி இன்னொரு கூத்து. இங்கே பெட்டியில் பெயர் இருந்தால்தான் தபால்காரர் போடுவார். என் காப்பீட்டு அட்டை திரும்பிப் போய்விட்டது. பெயரை ஒட்டட்டுமா என்றதும் அண்ணன் முகம் மாறியது. "ஹவுஸ் ஓனர் பார்த்தா வம்பு." அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நவம்பர் கடைசியில் ஓனரே வந்து நின்றார். நான் யாரென்றே அவருக்குத் தெரியாது. வீட்டைக் காலி செய்வதாக அண்ணன் கொடுத்த கடிதத்தைக் காட்டினார், தேதி ஆகஸ்ட். அதாவது நான் விமானம் ஏறும் முன்பே எல்லாம் முடிந்துபோயிருந்தது. அண்ணனோ அதே அறைக்கு டிசம்பரிலிருந்து என்று சொல்லி மதுரைப் பையன் ஒருவனிடமும் பணம் வாங்கியிருக்கிறார். என் மெசேஜ்களுக்கு இன்றுவரை ஒற்றை டிக்தான்.

மாணவர் சங்கமான ஆஸ்டாவில் இலவசமாகச் சட்ட ஆலோசனை தருகிறார்கள், போனேன். வக்கீல் ஒப்பந்தம் கேட்டார், ரசீது கேட்டார். என்னிடம் இருந்ததெல்லாம் "சரிடா தம்பி" என்ற வாய்ஸ் மெசேஜ்.

ஆகவே, உள்வாடகை, அதாவது வாடகைக்கு இருப்பவரிடமே அறை எடுப்பது என்றால் ஓனரின் எழுத்து அனுமதியைப் பாருங்கள். அன்மெல்டுங் தாள் தருவேன் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பணம் வங்கி வழியாகவே போகட்டும். டெபாசிட்டுக்கு உச்சவரம்பு மூன்று மாத வாடகை, ஹீட்டர் செலவெல்லாம் சேர்க்காமல். அதையும் மூன்று தவணையாகக் கட்ட சட்டம் இடம் தருகிறது. தயங்குகிறவர் எந்த ஊர்க்காரரானாலும் வேண்டாம்.

ஹாஸ்டல் அறை கிடைக்கும்வரை என்னைச் சேர்த்துக்கொண்டது அந்த வியட்நாம் பையன்தான். முதல் வேலையாக ஒரு தாளை எடுத்து "மூன்று வாரம், 150 யூரோ" என்று எழுதி என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னான். அப்புறம்தான் சோறு வைத்தான்.