ஜப்பானிய வாக்கியங்கள்: ஆங்கில எழுத்திலா, தமிழிலா, போனிலா?

பத்து நாள் ஜப்பான் பயணத்துக்கு முன்னால் நானும் நண்பரும் இருபது வாக்கியங்களைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தோம். அவர் ஆங்கில எழுத்தில் குறித்துக்கொண்டார், நான் தமிழில் எழுதிக்கொண்டேன். இருவர் போனிலும் மொழிபெயர்ப்புச் செயலி இருந்தது. போய்வந்தபின் என் கட்சி தமிழ் நோட்டுதான்.

முதலில் போன். பொட்டலத்தின் பின்னால் அச்சிட்டிருப்பதைக் கேமராவில் காட்டிப் படிக்க அதை விட்டால் வேறு வழியில்லை. சைவக்காரர்களுக்கு இது ரொம்ப முக்கியம். 'நிகு நஷி', அதாவது இறைச்சி இல்லாமல், என்று கேட்டு வாங்கினாலும் சூப்புக்கு அடிப்படையான 'தஷி' பெரும்பாலும் மீனில் காய்ச்சியது. ஆனால் நெரிசலான ரயிலிலிருந்து இறங்கும்போது ஒரு 'சுமிமசென்' சொல்லப் போனைத் தேட முடியுமா? மன்னிப்பு, வழி விடுங்கள், இங்கே கொஞ்சம் வாருங்கள் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான்.

ஆங்கில எழுத்தின் வசதி, பட்டியல் தேடாமலே கிடைக்கும். சிக்கல் குறில் நெடிலில். பல பட்டியல்களில் நெடிலுக்கு அடையாளமே இருப்பதில்லை. 'ஒபசன்' என்றால் நடுவயதுப் பெண்மணி, 'ஒபாசன்' என்றால் பாட்டி. 'பிரு' கட்டடம், 'பீரு' குடிக்கிற பீர். நமக்கு இது 'படு', 'பாடு' மாதிரிதான். தமிழில் எழுதிவிட்டால் தவறவே வழியில்லை.

மெய் இரட்டிப்பதும் இப்படித்தான். கியோத்தோவில் ஒரு சின்னத் தபால் அலுவலகத்தில் நண்பர் தபால்தலை கேட்டார். அவர் தாளில் 'kitte' (தபால்தலை) என்று இரண்டு 't' இருந்தது. ஆங்கிலப் பழக்கத்தில் இரண்டும் ஒன்றாகி, வாயில் 'கிடெ குடசாய்' என்று வந்தது. கவுண்டரில் இருந்த அம்மா தலையைச் சாய்த்து, இன்னொரு முறை சொல்லச் சொல்லி சைகை செய்தார். ஒற்றை மெய்யோடு சொன்னால் அது 'வாருங்கள்' என்பதற்கு நெருங்கிவிடும். என் நோட்டில் 'கித்தெ ஒ குதசை' என்று இருந்தது. த்தெ என்று நிறுத்திச் சொன்னதும் இழுப்பறையிலிருந்து தபால்தலைத் தாளை எடுத்து வைத்தார். ஜப்பானியத் தகரம் பல்லில் நாக்கு படும் நம் 'த'வுக்கே பக்கம், ஆங்கில எழுத்தைப் பார்த்தால்தான் நாம் 'ட' என்கிறோம்.

இன்னொரு ஆதாயம் குற்றியலுகரம். 'இகுர தெசு க', அதாவது என்ன விலை, என்பதில் 'தெசு'வின் உகரம் 'காசு' என்பதன் கடைசி ஒலியைவிடவும் மங்கி, 'தெஸ்' என்றே காதில் விழும். பட்டியலைப் பார்த்து 'தேசூ' என்று இழுக்கத் தேவையில்லை.

தமிழ் நோட்டிலும் ஓட்டை உண்டு. 'தொகொ' (எங்கே) என்று எழுதினால் நம் கண் நடுவில் உள்ள ககரத்தை மென்மையாக்கிவிடும், முதல் தகரத்தை வன்மையாக்கிவிடும். வேண்டியது நேர் எதிர். ஜப்பானியர்களே இதற்கு வழி வைத்திருக்கிறார்கள்: 'க' எழுத்தின் தோளில் இரண்டு சின்னக் கோடு போட்டால் 'தங்கம்' என்பதில் வருகிற மாதிரி மென்மையான 'க'. அதையே நானும் நோட்டில் செய்தேன். கோடு இல்லாத எழுத்து எப்போதும் வன்மை. அப்புறம் சொல்லின் கடைசிக் குறில் ஒகரத்தை நம் நாக்கு நீட்டிவிடும், அதற்கு வாய்விட்டுப் பழகுவதுதான் வழி.

ஒலியின் ஏற்ற இறக்கத்தை இரண்டு எழுத்துமே காட்டாது. 'ஹஷி' ஒரு ஏற்றத்தில் சாப்பிடும் குச்சி, இன்னொன்றில் பாலம். சாப்பாட்டு மேசையில் எனக்குச் சிக்கல் வரவில்லை, ஆனால் பத்து நாளை வைத்து அதைத் தீர்ப்பாகச் சொல்ல மாட்டேன்.

மாதக்கணக்கில் தங்கப் போகிறவர்கள் நேரே ஜப்பானிய எழுத்தான ஹிரகானாவுக்குப் போய்விடலாம். அடிப்படை எழுத்துகள் 46. வரிசை அ இ உ எ ஒ என்று தொடங்கி, க ச த ந என்று போய், ப வர வேண்டிய இடத்தில் ஹ வந்து, ம ய ர வ என்று முடிகிறது.