பழைய இன்ஜினையே நிறுத்தலாமா, புதுசா சிலை செய்யலாமா

ஊரோட ரயில், படகு, டிராம் கதைய பொது இடத்துல காட்டணும்னா ரெண்டு வழி இருக்கு. நிஜ வண்டியவே மேடை கட்டி ஏத்தி வைக்கிறது ஒண்ணு, அதை வச்சு புதுசா சிற்பம் பண்றது இன்னொண்ணு.

நிஜ இன்ஜின்னா குழந்தைங்க ஓடி வந்து சக்கரத்த தொட்டு பாக்கும், விளக்கமே வேணாம். ஆனா மழை வெயில்ல நின்னா துரு ஏறிடும், பித்தளை பார்ட்ஸ் ஒவ்வொண்ணா காணாம போகும், பழைய பாய்லர்ல நுரையீரலுக்கு கெடுதலான ஆஸ்பெஸ்டாஸ் வேற இருக்கலாம். மேல கூரை போட்டு அடிக்கடி பெயின்ட் அடிக்க ஆள் இல்லன்னா அந்த பக்கமே போகாதீங்க.

சிற்பத்துக்கு ஸ்காட்லாந்து ஃபால்கிர்க்ல இருக்கற கெல்பீஸ் பாருங்க, ஆண்டி ஸ்காட் செஞ்சது, 2013ல முடிஞ்சுது, 30 மீட்டர் உயரத்துல ரெண்டு ஸ்டீல் குதிரைத் தலை. கால்வாய்ல படகு இழுத்த குதிரைங்களோட நினைவு அது, படகே இல்லாம அந்த உழைப்ப காட்டிட்டாரு பாருங்க, நிஜ படகு ஒண்ண கரையில போட்டிருந்தா இது வந்திருக்குமா? இங்கிலாந்து டார்லிங்டன்ல டேவிட் மாக் 1997ல ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல செங்கல் வச்சு ரயில் கட்டினாரு, செங்கல் துருப்பிடிக்காதே! (உள்ள வவ்வால் தங்க இடமும் விட்டிருக்காங்க, செம ஐடியா.)

செலவு சிற்பத்துக்கு கூடத்தான், டிசைன் சொதப்பினா ஊரே கிண்டல் பண்ணும். இருந்தாலும் என் ஓட்டு சிற்பத்துக்கு. அந்த மாடல்ல மிச்சம் இருக்கறதே ஒரே ஒரு வண்டின்னா அதை மியூசியத்துக்குள்ள வைங்க, வெளிய வேணாம்.